வெளியும் குன்றும்

நுழையும்முன்

மலைத்தொடரில் ஒரு மலை பத்தோடு பதினொன்று. சமவெளியில் எழும் ஒற்றைக் குன்றோ காண்பவர் கண்ணை விட்டு அகலாது. கடவுளைத் தேடியவரும், கல்லைத் தேடியவரும், நிலத்தை அளக்க வந்தவரும் அத்தகைய குன்றுகளையே நாடினர். சென்னையின் தென்பகுதியில் உள்ள சில பாறைக்குன்றுகளின் வரலாற்றை இப்பாடம் கூறுகிறது. அவற்றைச் சூழ்ந்திருந்த வெளியின் வரலாறும் அதனுள் அடங்கும்.

உப்புவெளியில் ஒரு கருமலை

குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில் 'ராண்' எனப்படும் உப்புச் சமவெளி பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் அதன்மேல் பரவும். மழை ஓய்ந்து நீர் வற்றியபின் உப்பு வெண்ணிறப் படலமாகப் படியும். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மரமோ மேடோ இல்லாத வெண்மை. அதன் விளிம்பில் காளோ டூங்கர் என்னும் குன்று ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அப்பெயருக்குக் 'கருமலை' என்பது பொருள். கட்ச் பகுதியின் மிக உயர்ந்த இடம் அதுவே.

அதன் உச்சியில் தத்தாத்ரேயர் கோயில் உள்ளது. வழிபாடு முடிந்ததும் படைத்த சோற்றை நரிகளுக்கு இடுவது அங்கு வழக்கம். பசித்து வந்த நரிகளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது தத்தாத்ரேயர் தம் உடலையே உணவாக ஈந்தார் என்பது அவ்வூர்க் கதை. பயிர் விளையாத உப்புநிலத்தின் ஓரத்தில், பசியைப் பற்றிய கதையே தெய்வக்கதையாக நிலைபெற்றதில் வியப்பில்லை. குன்று எந்த வெளியில் நிற்கிறதோ, அந்த வெளியின் இயல்பு குன்றின் கதைக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

நிலவியலார் இவ்வாறு தனித்தெழும் பாறைக்குன்றை 'இன்செல்பெர்க்' என்பர். இது ஜெர்மானியச் சொல். 'இன்செல்' என்றால் தீவு. 'பெர்க்' என்றால் மலை. நிலத்தின் நடுவே நின்றாலும் தீவுபோல் தோன்றுவதால் அப்பெயர் பெற்றது. தமிழில் இதனைத் தனிக்குன்று எனலாம். மலைக்கும் கல்லுக்கும் குன்று, வரை, வெற்பு, பொறை, ஓங்கல், பிறங்கல், அறை, துறுகல் எனப் பல சொற்களை வழங்கிய மொழிக்கு இன்னும் ஒரு சொல் மிகையாகாது.

நீர் சூழ்ந்த மலை

சென்னையை அடுத்து உப்புப்பாலை ஏதும் இல்லை. ஆயினும் அதன் தென்பகுதி ஒரு காலத்தில் தட்டையான, நீர் தேங்கும் தாழ்நிலமாக இருந்தது. கோவளத்தையும் கேளம்பாக்கத்தையும் ஒட்டி உப்பளங்கள். அவற்றுக்கு வடக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். மேற்கே ஏரிகளும் அவற்றின் பாசன வயல்களும். வடக்கே அடையாற்றின் வெள்ளப்பரப்பு. இத்தாழ்நிலத்தின் மேற்கு எல்லையில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், திருநீர்மலை ஆகிய இடங்களில் கரும்பாறைக் குன்றுகள் எழுகின்றன. உயரத்தில் இவை சிறியவை. பரங்கிமலையே ஏறத்தாழ முந்நூறு அடிதான். ஆனால் சுற்றிலும் உயர்ந்தது வேறொன்றும் இல்லாத இடத்தில் முந்நூறு அடி என்பது பெரிய உயரம்.

இவற்றுள் திருநீர்மலையின் பெயரே அதன் நிலவியலைச் சொல்லிவிடுகிறது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றான இவ்வூருக்குத் திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். நீர் வடியும்வரை ஆறு மாதம் எதிரே காத்திருந்து, பின்னரே அவர் மலையேறி வழிபட்டார் என்பது தலபுராணம். வடமொழியில் இம்மலைக்குத் தோயாத்திரி என்று பெயர். தோயம் என்பது நீர். அடிவாரக் கோயிலில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலத்திலும், மலைமேல் அரங்கநாதர் கிடந்த கோலத்திலும், நரசிம்மர் இருந்த கோலத்திலும், உலகளந்த பெருமாள் நடந்த கோலத்திலும் காட்சி தருகின்றனர்.

ஆறு மாதம் என்பதைப் புராண மிகை எனத் தள்ளுவோர் உண்டு. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிறைந்து உடையும் ஊரில், ஐப்பசியில் தேங்கிய நீர் பங்குனிவரை ஆங்காங்கே கிடப்பதைக் கண்டவருக்கு அக்கதை அவ்வளவு மிகையாகத் தோன்றாது. 'தீவுமலை' என்று ஜெர்மானிய நிலவியலார் பெயரிடுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, தன் ஊர்க்குன்றை ஒருவர் 'நீர்மலை' என்று அழைத்துவிட்டார்.

ஒரு கல், பல வழிபாடு

திருநீர்மலைக்குக் கிழக்கே பல்லாவரம். பல்லவபுரம் என்பதே இவ்வாறு மருவிற்று. இங்குள்ள குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமை கொண்ட அதே மன்னன்தான். பல்லாவரக் குடைவரையில் தூண்களுக்குப் பின்னே ஐந்து கருவறைகள் வரிசையாகக் குடையப்பட்டுள்ளன. மன்னனின் சிறப்புப் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று அக்குடைவரை இசுலாமியரின் தர்காவாக வழிபாட்டில் உள்ளது. ஐந்து கருவறைகள் இருப்பதால் மக்கள் அதனைப் பஞ்சபாண்டவர் மலை என்றும் சொல்வர். பல்லவன் குடைந்து, பாண்டவர் பெயர் பெற்று, தர்காவாக விளங்கும் இடம் தமிழகத்தில் மிக அரிது.

அருகிலுள்ள திரிசூலத்தில் குன்றுகளின் நடுவே சோழர் காலச் சிவன்கோயில் ஒன்று உள்ளது. அதற்கு வடகிழக்கே பரங்கிமலை. அதன் பெயருக்கு இரண்டு விளக்கம் கூறுவர். பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை, அதுவே பரங்கிமலை ஆயிற்று என்பது ஒன்று. ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்னும் சொல்லால், போர்ச்சுகீசியர் குடியேறிய மலை அப்பெயர் பெற்றது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கமே சொல்லமைப்புக்குப் பொருந்துகிறது. முதலாவது, மலை போர்ச்சுகீசியர் வருகைக்கு முன்பே வெறும் மலையாக இருக்கவில்லை என்பதை நினைவூட்டுகிறது.

இயேசுவின் சீடரான தோமையார் கி.பி. 72இல் இம்மலையில் கொல்லப்பட்டார் என்பதும், அவர் உடல் மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டது என்பதும் கிறித்தவ மரபு. அதற்குமுன் அவர் சைதாப்பேட்டையை அடுத்த சின்னமலையின் குகையில் மறைந்திருந்தார் என்பர். சின்னமலைக் குகையும் அங்குள்ள ஊற்றும் இன்றும் வணங்கப்படுகின்றன. போர்ச்சுகீசியர் 1523இல் பரங்கிமலை உச்சியில் ஆலயம் எழுப்பினர். 1547இல் அங்கு அடித்தளம் தோண்டியபோது சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அதைச் சுற்றிலும் பழம்பாரசீகத்தின் பிற்கால வடிவமான பகலவி மொழியில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்தமைதியை நோக்கும்போது, அது தோமையார் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. எனினும் போர்ச்சுகீசியர் இக்கடற்கரைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இக்குன்றின்மேல் வழிபட்டனர் என்பதற்கு அக்கல் சான்று.

மலையேறும் படிகளைக் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். மயிலையிலிருந்து மலைக்குச் செல்வோர் வழியில் அடையாற்றைக் கடக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் அது இயலாது. எனவே படிகளுடன் பாலத்தையும் அவரே தம் பொருளால் கட்டுவித்தார். சைதாப்பேட்டையில் 1726இல் எழுந்த அப்பாலத்தை ஆங்கிலேயர் மர்மலாங் பாலம் என்றனர். மாம்பலம் என்ற ஊர்ப்பெயரே அவர்கள் நாவில் அவ்வாறு சிதைந்தது. அவ்விடத்தில் பின்னர்க் கட்டப்பட்ட பாலம் இன்று மறைமலை அடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிண்டியிலிருந்து தியாகராய நகருக்கு நாள்தோறும் பேருந்தில் செல்வோரும் ஒரு மலைக்காகப் போடப்பட்ட பாதையில்தான் செல்கின்றனர்.

கல்லின் கதை

இக்குன்றுகளின் பாறை கரும்பச்சை அல்லது கருநீல நிறமுடையது. உடைத்த முகம் எண்ணெய் பூசியதுபோல் மினுக்கும். அதன் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த விதம் சற்று வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கும்பினியின் குடியேற்றத்தை நிறுவிய ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறையில் பதித்த பலகைக்கல், சென்னையின் இக்குன்றுப் பகுதியிலிருந்து சென்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் இப்பாறைவகையை ஆராய்ந்தபோது, அக்கல்லறையை நினைவிற்கொண்டு சார்னோக்கின் பெயரை அதற்கு இட்டார். பல்லாவரத்துக் கல், கல்கத்தாவில் புதைந்தவர் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. பல்லாவரத்தின் பெயரையே இட்டிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

நீலகிரி, சேர்வராயன் மலை, இலங்கை ஆகிய இடங்களிலும் இதே வகைப் பாறை உள்ளது. பனிமூடிய அண்டார்டிகாவிலும் உண்டு. ஒரு காலத்தில் இந்நிலங்கள் ஒன்றாக இணைந்திருந்தன என்பதற்கான சான்றுகளுள் இதுவும் ஒன்று. சென்னைப் பகுதியின் சார்னோக்கைட் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானது. புவிமேலோட்டின் அடியில், இருபது கிலோமீட்டர் அளவிலான ஆழத்தில், நீர் மிகக் குறைந்த சூழலில், பெரும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்பட்டு உருவானது. அதன்மேல் இருந்த பாறைகள் அனைத்தும் மழையாலும் காற்றாலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரிக்கப்பட்ட பின்னரே அது வெளியே தலைகாட்டியது. ஆகவே பரங்கிமலையை நிலத்தினின்று மேலே எழுந்த மலை என்பதைவிட, சுற்றியுள்ள நிலம் தேய்ந்து கீழிறங்கியபின் எஞ்சி நிற்கும் கல் என்பதே சரி. பரங்கிமலைச் சார்னோக்கைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிவித்துள்ளது.

இக்குன்றுகளின் அடிவாரத்தில் மனிதர் வாழ்ந்த காலமும் மிகப் பழையது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளைமண் படிவில் இராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவி, இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை முதன்முதலில் உறுதிப்படுத்தியது. அக்கருவி சார்னோக்கைட்டால் ஆனதன்று. குவார்ட்சைட் என்னும் கல்லால் ஆனது.

கோடு கிழித்த இடம்

பரங்கிமலையின் வரலாற்றில் பலரும் அறியாத பகுதி 1802ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் பெருந்திட்டத்தை இங்குத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்தடுத்த முக்கோணங்களை அமைத்து நாடு முழுவதையும் அளந்துவிடலாம். ஆனால் முதல் முக்கோணத்தின் முதல் பக்கத்தை மட்டும் நிலத்தில் நேரடியாக அளந்தாக வேண்டும். அதில் ஓர் அங்குலம் பிழைத்தால் அப்பிழை எல்லா முக்கோணங்களுக்கும் பரவும். அப்பக்கத்தின் பெயர் அடிக்கோடு.

அடிக்கோட்டுக்கு இரண்டு தேவை: மேடுபள்ளமற்ற நீண்ட நிலம், அதன் இருமுனையிலும் தொலைவிலிருந்து பார்க்கத்தக்க உயரம். பரங்கிமலைக்கும் தெற்கே பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடைப்பட்ட வெளியில் லாம்டன் இரண்டையும் கண்டார். 1802 ஏப்ரல் 10 அன்று அளவீடு தொடங்கியது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின்மேல் மட்டம் பார்த்து ஏற்றி, வெயில் படாமல் மூடி, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு நூறடியாக நகர்ந்தனர். வெப்பம் ஒரு பாகை பாரன்ஹீட் கூடினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீளும். அந்த நீட்சியையும் கணக்கில் எடுத்துக்கொண்டனர். சித்திரை, வைகாசி வெயிலில் ஏழரை மைல் தொலைவு இவ்வாறு அளக்கப்பட்டது. சங்கிலி ஏறத்தாழ நானூறு முறை கிடத்தப்பட்டது.

அந்த வெளி சற்றே மேடுபள்ளமாக இருந்திருந்தால், இடையில் தோப்போ ஊரோ மறைத்திருந்தால், லாம்டன் வேறிடம் தேடிச் சென்றிருப்பார். வரலாறு பரங்கிமலையைத் தேர்ந்ததற்குக் காரணம் மலை மட்டுமன்று. கோடையில் நீர் வற்றிக் காய்ந்து கிடந்த தாழ்நிலமே மலையை அளவுகோலின் முனையாக்கியது. இங்குத் தொடங்கிய அளவைப்பணி அரை நூற்றாண்டு கடந்து இமயம்வரை சென்றது. அதன் தொடர்ச்சியாகத்தான் எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. லாம்டனின் மார்பளவுச் சிலை பரங்கிமலை உச்சியில் வைக்கப்பட்டுள்ளது.

தெரிந்து தெளிவோம்

கோணங்களை அளக்க இங்கிலாந்தில் செய்வித்த தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி மொரீஷியசுக்குக் கொண்டுசென்றனர். பெட்டியில் இருப்பது போர்க்கருவியன்று, அறிவியற்கருவி என்று அறிந்த பிரெஞ்சு ஆளுநர் அதைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றியபோது வடம் அறுந்து அது சேதமுற்றது. லாம்டன் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார்.

எஞ்சியவையும் மறைந்தவையும்

சார்னோக்கைட்டுக்குச் சந்தையில் கருங்கல் என்றே பெயர். உடைத்தால் ஜல்லி. சென்னை வளர வளர, பல்லாவரம், பம்மல், திரிசூலம் பகுதிகளின் குன்றுகள் கல்குவாரிகளாயின. வெடி வைத்துப் பிளந்த கல் அரவை இயந்திரங்களில் ஜல்லியாகி, நகரின் சாலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்றது. உச்சியில் கோயிலோ ஆலயமோ தர்காவோ இருந்த குன்றுகள் தப்பின. வழிபாடு இல்லாத குன்றுகள் பள்ளங்களாயின. இதில் புவியியல் காரணம் ஏதுமில்லை. கல் இரண்டிலும் ஒன்றே.

அப்பள்ளங்கள் ஆழமானவை, மழைநீர் தேங்கிக் குளங்களாயின. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைத்தான் 2017ஆம் ஆண்டு வறட்சியிலும் 2019ஆம் ஆண்டு வறட்சியிலும் சுத்திகரித்துச் சென்னை மக்களுக்குக் குடிநீராக வழங்கினர். குன்றைத் தின்ற நகரம், அதன் குழியில் நீர் குடித்தது.

வழிபாடு குன்றைக் காத்தது. ஆனால் வெளியைக் காக்க எந்த வழிபாடும் இருக்கவில்லை. தட்டையான நிலம் யாருக்கும் புனிதமாகத் தோன்றுவதில்லை. உச்சியில் ஆலயம் கட்டியவர் உண்டு. சதுப்பின் நடுவே விளக்கேற்றியவர் இல்லை. லாம்டன் சங்கிலி கிடத்திய வெளியில் இன்று ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என ஊர்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. பரங்கிமலையில் நின்று பெரும்பாக்கத்தை நோக்கி நேர்கோடு இழுத்தால் அது எத்தனை கட்டடங்களின் ஊடாகச் செல்லும் என்று எண்ணி மாளாது. பள்ளிக்கரணைச் சதுப்பில் பெரும்பகுதி குடியிருப்பாகவும் அலுவலக வளாகமாகவும் குப்பைக் கிடங்காகவும் மாறிவிட்டது. எஞ்சிய பகுதியை உள்ளடக்கிய 1,247 எக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

காளோ டூங்கரை உப்புவெளி இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. பரங்கிமலையை மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகைதான் காட்ட வேண்டியுள்ளது.

2015 டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையில் அடையாறு கரைகடந்தது. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பள்ளிக்கரணையைச் சூழ்ந்த பிற பகுதிகளும் நீரில் மூழ்கின. திரிசூலம் குன்றுகளின் எதிரே விமான நிலையத்தின் ஓடுபாதையில் வெள்ளம் புகுந்தது. விமானங்கள் நீரில் நின்றன. சில நாள்களுக்கு விமானப் போக்குவரத்து முற்றிலும் நின்றது. படகுகளில் மீட்கப்பட்டவர்கள் தெற்கேயும் மேற்கேயும் நோக்கியபோது, நீர்ப்பரப்புக்கு மேலே கறுத்து நின்ற குன்றுகளைக் கண்டிருக்கக்கூடும். திருமங்கையாழ்வார் காத்திருந்த நாள்களில் கண்டதாகச் சொல்லப்படும் காட்சியும் அதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் அல்லது அருகில் உள்ள குன்று, மேடு, பாறை ஒன்றின் பெயர்க்காரணத்தை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக. ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் கிடைப்பின் இரண்டையும் எழுதி, எது சொல்லமைப்புக்குப் பொருந்துகிறது எனக் காரணம் காட்டுக.

அக்குன்றின் உச்சியிலிருந்து நோக்கினால் இன்று தெரிவன யாவை? ஐம்பது ஆண்டுகளுக்குமுன் தெரிந்தவை யாவை? இரண்டையும் இரு வரைபடங்களாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.